சூடாகி நின்ற கார் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லையா? சாவியைத் திருப்பும் முன் படிக்க வேண்டிய பாடம்



கோடை விடுமுறை வந்தால் கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் கார்கள் வரிசை கட்டிப் போகும். இன்னொரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு வழியாகத் தென்மாவட்டங்களுக்குப் போகிற கூட்டம். இந்த இரண்டு சாலைகளிலும் நீங்கள் அடிக்கடி பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. ஓரமாக ஒரு கார் பானெட்டைத் திறந்தபடி நிற்கும். ஒருவர் கையில் தண்ணீர் பாட்டில். பக்கத்தில் நிற்பவர், "இன்னும் ஒரு தடவை செல்ஃப் அடிச்சுப் பாருங்க சார், பிடிச்சிடும்" என்பார்.

அந்த "இன்னும் ஒரு தடவை"யால்தான் பல கார்களில் சின்ன செலவு பெரிய செலவாக மாறுகிறது. ஒரு ஃபியூஸ், ஒரு ஹோஸ், ஒரு பெல்ட் மாற்றினால் முடிந்திருக்க வேண்டிய வேலை, என்ஜினை இறக்கிப் பிரிக்கிற அளவுக்குப் போய்விடுகிறது. சூடாகி நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்வது அவசரமில்லை. அது ஏன் நின்றது என்று தெரிந்துகொள்வதுதான் அவசரம். மெக்கானிக் வரும் முன் நீங்களே கண்ணாலும் காதாலும் எவ்வளவு தெரிந்துகொள்ளலாம், எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்பதை இந்தப் பாடத்தில் படிப்படியாகப் பார்ப்போம்.

பாடம் 1: முதல் 5 நிமிடம்

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறுகிறது, அல்லது சிவப்பு விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல புதிய கார்களில் முள்ளே கிடையாது. சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரிந்தால் "அடுத்த ஊர் வரைக்கும் போயிடலாம்" என்று நினைக்காதீர்கள்.

1. ஏ.சி.யை உடனே நிறுத்துங்கள். ஓரம் கட்ட இன்னும் கொஞ்சம் தூரம் போக வேண்டும் என்றால் ஹீட்டரை முழு அளவில் வையுங்கள். உள்ளே வேகும்தான். ஆனால் என்ஜின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும்.

2. நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து எரியும் ஹசார்ட் லைட்டைப் போட்டு, சாலையின் இடது ஓரத்துக்கு, முடிந்தால் தார்ச்சாலையை விட்டே வெளியே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். என்ஜினை அணையுங்கள்.

3. எல்லோரையும் இடது பக்கக் கதவு வழியாக இறக்குங்கள். குழந்தைகள், பெரியவர்கள், வளர்ப்பு நாய் யாரையும் மூடிய காருக்குள் உட்கார வைக்காதீர்கள். சாலைத் தடுப்புக் கம்பி இருந்தால் அதற்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லுங்கள்.

4. வண்டியோடு வந்த சிவப்பு முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வையுங்கள். வேகமான சாலையில் குறைந்தது 50 மீட்டர் தள்ளி இருந்தால்தான் பின்னால் வருபவருக்கு நேரம் கிடைக்கும். வண்டியின் பின்பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருக்காதீர்கள்.

மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாகும்படி வண்டியை விட்டுவைக்கக் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆவது பிரிவு சொல்கிறது. நின்றது பழுதால்தான் என்றாலும், பாதுகாப்பாக நிறுத்துவது ஓட்டுநரின் கடமை.

பானெட்டிலிருந்து புகை வந்தால் அது நீராவியா, தீயா என்று பாருங்கள். நீராவி வெள்ளையாக வந்து சீக்கிரம் கலைந்துவிடும். கூலண்ட் கலந்திருந்தால் லேசாக இனிப்பு வாசனை அடிக்கும். கருப்புப் புகை, பிளாஸ்டிக் கருகும் நாற்றம், பெட்ரோல் வாசனை என்றால் பானெட்டைத் தூக்கவே தூக்காதீர்கள். காற்று உள்ளே போனால் தீ பற்றிக்கொள்ளும். எல்லோரும் தள்ளிப் போய் 112க்கு அழையுங்கள்.

பாடம் 2: செய்யவே கூடாத நான்கு

ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். ஓடுகிற என்ஜினில் கூலண்ட் 90 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் அது கொதிக்காமல் இருக்கிறது. நம் வீட்டுக் குக்கரில் விசில் அடங்கும் முன் மூடியைத் திறந்தால் என்ன ஆகுமோ அதேதான் இங்கேயும். அழுத்தம் போன நொடியில் மொத்தமும் கொதித்து முகத்தில் பீய்ச்சி அடிக்கும். துணியைப் போட்டுத் திறந்தால் பரவாயில்லை என்பது தவறு. குறைந்தது 45 நிமிடம், கடும் வெயிலில் ஒரு மணி நேரம் பொறுங்கள்.

சூடான என்ஜின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். பல கார்களில் என்ஜினின் மேல்பாகமான ஹெட் அலுமினியத்தால் ஆனது. திடீரென்று குளிர்ந்தால் அது வளையும் அல்லது விரிசல் விடும்.

தள்ளி ஸ்டார்ட் செய்யாதீர்கள். என்ஜினுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால், தள்ளுகிற வேகத்திலேயே உள்ளே இருக்கும் கம்பி வளைந்துவிடும்.

ஃபேன் பக்கத்தில் கை, துப்பட்டா, வேட்டி நுனி எதையும் கொண்டுபோகாதீர்கள். என்ஜின் அணைந்திருந்தாலும் மின்சார ஃபேன் தானாகவே சுற்ற ஆரம்பிக்கலாம்.

ஒருவேளை நீராவி பட்டுக் கை வெந்துவிட்டால், உடனே 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், வெண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். முகம், கண், பெரிய பரப்பு என்றால் 108. செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

பாடம் 3: எங்கே சூடானது?

"வெயில் அதிகம், அதான் சூடாயிடுச்சு" என்று எல்லோரும் சொல்வார்கள். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அன்றைக்கும் நல்ல நிலையில் இருந்த கார்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கூலண்டின் சூடு 90 டிகிரிக்கு மேல் என்பதால், 45 டிகிரி காற்றுகூட அதைக் குளிர்விக்கும். ஏற்கெனவே ஒளிந்திருந்த பழுதை வெயில் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

என்ஜினைக் குளிர்விக்கும் ஏற்பாடு எளிமையானது. வாட்டர் பம்ப் கூலண்டை என்ஜினுக்குள் சுற்ற வைக்கிறது. என்ஜின் சூடானதும் தெர்மோஸ்டாட் என்ற கதவு திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. ரேடியேட்டர் வழியாகக் காற்று போய்ச் சூட்டை இறக்குகிறது. வண்டி வேகமாகப் போனால் எதிர்க்காற்றே போதும். நின்றால் ஃபேன் சுற்ற வேண்டும். இதை மனதில் வைத்தால் கண்டுபிடிப்பு பாதி முடிந்த மாதிரி.

நின்று நின்று போகும்போது சூடானதா? சிங்கப்பெருமாள்கோவில் நெரிசலிலோ, பரனூர் சுங்கச்சாவடி வரிசையிலோ ஊர்ந்துபோகும்போது முள் ஏறி, வண்டி வேகம் எடுத்ததும் இறங்கினால் சந்தேகம் ஃபேன் மேல். ஃபியூஸ் போயிருக்கலாம், ரிலே போயிருக்கலாம், மோட்டார் போயிருக்கலாம். நிற்கும்போது ஏ.சி. குளிர்ச்சி குறைந்து, ஓடும்போது நன்றாக இருந்தது என்றால் சந்தேகம் இன்னும் உறுதி.

ஒரே வேகத்தில் ஓடும்போது சூடானதா? முட்டுக்காடு தாண்டி ஈ.சி.ஆரில் சீராக 80 கி.மீ. வேகத்தில் போகும்போது முள் ஏறினால் ஃபேன் மேல் பழி போடாதீர்கள். கூலண்ட் கசிந்து குறைந்திருக்கலாம். தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டியிருக்கலாம். வாட்டர் பம்ப் வேலை செய்யாமல் இருக்கலாம். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம்.

திடீரென்று, ஒரு சில நிமிடத்தில் ஏறியதா? ஹோஸ் வெடித்தது, அல்லது பெல்ட் அறுந்தது. டேஷ்போர்டில் பேட்டரி விளக்கும் சேர்ந்து எரிந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பல கார்களில் வாட்டர் பம்பையும் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் ஒரே பெல்ட்தான் ஓட்டுகிறது. அது அறுந்தால் என்ஜினும் சூடாகும், பேட்டரியும் இறங்கும். "சூடாச்சு, அப்புறம் செல்ஃப் எடுக்கல" என்ற இரண்டு பிரச்சினைக்கும் ஒரே காரணம் இருக்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

முள் ஏறி, பிறகு தானாகவே கீழே இறங்கியதா? இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கூலண்ட் மொத்தமும் போய்விட்டால், சூட்டை அளக்கும் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். அப்போது முள் குறைவாகக் காட்டலாம். வண்டி சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

பாடம் 4: ஆறிய பிறகு கண்ணால் ஒரு சோதனை

என்ஜின் ஆறிவிட்டதா என்று தெரிய, மேல் ரேடியேட்டர் ஹோஸைத் தடித்த துணியோடு மெதுவாக அழுத்துங்கள். கல் மாதிரி இருந்தால் அழுத்தம் இன்னும் உள்ளே இருக்கிறது. லேசாக அமுங்கி, தொடவும் சூடில்லாமல் இருந்தால் பார்க்க ஆரம்பிக்கலாம். ஸ்டார்ட் செய்ய முயலும் முன் இந்த ஐந்தையும் பாருங்கள்.

முதலாவது, கூலண்ட் டப்பா. பிளாஸ்டிக் டப்பாவில் குறைந்த அளவு, அதிக அளவு என்று இரண்டு கோடு இருக்கும். காலியாக இருந்தால் எங்கேயோ கசிந்திருக்கிறது.

இரண்டாவது, வண்டிக்கு அடியில். பச்சை, சிவப்பு, நீல நிறத்தில் பிசுபிசுப்பாகச் சொட்டினால் கூலண்ட். நிறமில்லாமல், வாசனையில்லாமல் சொட்டினால் ஏ.சி. தண்ணீராக இருக்கலாம், அது இயல்புதான்.

மூன்றாவது, பெல்ட். இருக்கிறதா, தொங்குகிறதா, நார் நாராகப் பிரிந்திருக்கிறதா?

நான்காவது, ஆயில். டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் பழுப்பாகவோ கருப்பாகவோ இருந்தால் நல்லது. பால் விட்ட காபி மாதிரி வெளுத்து, நுரைத்து இருந்தால் கூலண்ட் ஆயிலில் கலந்துவிட்டது. இதைப் பார்த்த பிறகு சாவியைத் தொடாதீர்கள். ரெக்கவரி வேன்தான் ஒரே வழி.

ஐந்தாவது, ஃபியூஸ். ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் எந்த ஃபியூஸ் எதற்கு என்று படம் இருக்கும். ஃபேன் ஃபியூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியர் உள்ளதை மட்டும் போடுங்கள். கம்பி சுற்றுவது, சிகரெட் அட்டையின் வெள்ளித்தாள் வைப்பது எல்லாம் வயரிங்கையே எரித்துவிடும்.

கூலண்ட் குறைந்திருந்து, என்ஜின் நன்றாக ஆறியிருந்தால் மூடியை மெதுவாகத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். கையில் கூலண்ட் இல்லையென்றால் குடிதண்ணீர் பாட்டில் அவசரத்துக்குப் போதும். சிறிய கார்களின் மொத்தக் கொள்ளளவு சுமார் 4 முதல் 6 லிட்டர். இரண்டு லிட்டருக்கு மேல் உள்ளே போய்க்கொண்டே இருந்தால், அது எங்கே போகிறது என்று யோசியுங்கள். வெளியே சொட்டவில்லை என்றால் என்ஜினுக்குள் போயிருக்கலாம்.

ஈ.சி.ஆர். ஓரத்துக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பு கலந்தது. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே துருவும் படிவும் சேரும். கடல் தண்ணீர் கூடவே கூடாது.

பாடம் 5: சாவியைத் திருப்பினால் என்ன சத்தம்?

மேலே சொன்ன ஐந்தும் சரி, ஆயில் சுத்தம் என்றால் மட்டும் ஒரு முறை முயலலாம். 5 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். ரேடியோ, ஏ.சி., விளக்கு எல்லாம் அணைந்திருக்கட்டும். கூட இருப்பவரிடம் கைப்பேசியில் அந்தச் சத்தத்தை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மெக்கானிக்குக் கதை சொல்வதைவிட அந்த 5 விநாடி வீடியோ அதிகம் சொல்லும்.

சத்தமே இல்லை, அல்லது "டக் டக் டக்" என்று வேகமாக அடிக்கிறது, விளக்கும் மங்குகிறது. இது பேட்டரி. டெர்மினலில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா, ஆட்டினால் ஆடுகிறதா என்று பாருங்கள். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் இது சகஜம். பெல்ட் அறுந்திருந்தால், வேறு வண்டியிலிருந்து ஜம்ப் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்து ஓட்டக் கூடாது. வாட்டர் பம்ப் சுற்றாததால் சில நிமிடத்தில் மறுபடி சூடாகும்.

விளக்கு பளிச்சென்று இருக்கிறது, "டக்" என்று ஒரே ஒரு சத்தம். இரண்டு வாய்ப்பு உண்டு. செல்ஃப் மோட்டார் சூட்டில் மாட்டியிருக்கலாம், ஆறியதும் சரியாகும். அல்லது என்ஜினே ஜாம் ஆகியிருக்கலாம். இன்னும் அரை மணி நேரம் பொறுத்து ஒரே ஒரு முறை முயலுங்கள். அதே "டக்" என்றால் அதோடு நிறுத்துங்கள்.

வழக்கம்போல் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. இதுதான் கொஞ்சம் நிம்மதியான சத்தம். என்ஜின் உடம்பு நன்றாக இருக்கலாம். என்ஜின் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் சூட்டில் செயலிழந்து, ஆறியதும் வேலை செய்வது பல கார்களில் நடக்கும். சாவியை 'ஆன்' நிலைக்குக் கொண்டுவந்ததும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஓரிரு விநாடி "உய்ங்" என்று பெட்ரோல் பம்ப் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வராவிட்டால் பம்ப் அல்லது அதன் ஃபியூஸ். சாவிப் படம் போட்ட விளக்கு மின்னினால் இம்மொபிலைசர் சாவியை ஏற்கவில்லை என்று அர்த்தம்.

வழக்கத்தைவிட லேசாக, வேகமாக, தடையே இல்லாமல் "விர்ர்" என்று சுற்றுகிறது. நல்ல என்ஜினில் "உர்ரு... உர்ரு... உர்ரு" என்று ஒரு தாளம் இருக்கும். அது இல்லையென்றால் உள்ளே அழுத்தம் பிடிக்கவில்லை. ஹெட் கேஸ்கட் எரிந்திருக்கலாம், டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். இனி முயலாதீர்கள்.

கொஞ்சம் சுற்றி "டொக்" என்று முட்டி நிற்கிறது. சிலிண்டருக்குள் கூலண்ட் இறங்கியிருக்கலாம். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. மறுபடி அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். நிறுத்திவிடுங்கள்.

உங்களிடம் புளூடூத் ஓ.பி.டி. கருவி இருந்தால் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, கைப்பேசியிலேயே பழுதுக் குறியீட்டைப் படிக்கலாம். பி0217 என்றால் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடானது. பி0480 என்றால் ஃபேன் மின்சுற்றில் கோளாறு. பி0335 என்றால் கிராங்க் சென்சார் மின்சுற்றில் கோளாறு. படித்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மெக்கானிக் பார்க்கும் முன் குறியீட்டை அழித்துவிடாதீர்கள்.

மின்சார கார், ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் பானெட்டுக்குள் ஆரஞ்சு நிற வயர் எதையும் தொட வேண்டாம். நிறுவன உதவிக்கு அழைப்பதே சரி.

பாடம் 6: ஓட்டலாமா, ஏற்றிக்கொண்டு போகலாமா?

ஸ்டார்ட் ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். உடனே கிளம்பாதீர்கள். மூடிகளை இறுக்கி, 10 நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டுப் பாருங்கள். கீழே உள்ள எல்லாவற்றுக்கும் "ஆம்" என்றால் மட்டுமே ஓட்டலாம்.

முள் நடுவில் நிலையாக நிற்கிறதா? சூடேறியதும் ஃபேன் சுற்றுகிறதா? கூலண்ட் டப்பாவில் தொடர்ந்து குமிழி வராமல் இருக்கிறதா? சைலன்சரில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை வராமல் இருக்கிறதா? என்ஜின் உதறாமல் ஓடுகிறதா? அடியில் புதிதாகச் சொட்டாமல் இருக்கிறதா?

எல்லாம் சரியென்றால், ஏ.சி. போடாமல், மெதுவாக, பக்கத்தில் இருக்கிற பட்டறை வரைக்கும் மட்டும் போங்கள். சில கி.மீ.க்கு ஒரு முறை நிறுத்திப் பாருங்கள். ஊர் சுற்றும் திட்டத்தை அன்றைக்குத் தள்ளிப்போடுங்கள். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் ரெக்கவரி வேன் வரட்டும். ஆட்டோமேட்டிக் கியர் கார் என்றால் கயிறு கட்டி இழுக்கச் சம்மதிக்காதீர்கள். முழு வண்டியையும் மேலே ஏற்றும் ஃபிளாட்பெட் வண்டி வேண்டும் என்று அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பாடம் 7: கைப்பேசியில் யாரை அழைப்பது?

நீங்கள் நிற்கிற சாலை யாருடையது என்பதைப் பொறுத்தது இது.

ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம் வரை தேசிய நெடுஞ்சாலை 32. பழைய எண் 45. இங்கே 1033 என்ற எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண் இது. ரோந்து வண்டியோ கிரேனோ வந்தால் அவர்களுடைய முதல் வேலை உங்கள் வண்டியை ஆபத்தான இடத்திலிருந்து நகர்த்துவது. பட்டறை வரை கொண்டுபோகும் ஏற்பாட்டை நீங்கள்தான் செய்ய வேண்டியிருக்கும். ஆணையத்தின் 'ராஜ்மார்க்யாத்ரா' செயலியையும் முன்கூட்டியே பதிவிறக்கி வைக்கலாம்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரையிலான ஈ.சி.ஆர். மாநிலச் சாலை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே புதுச்சேரி நோக்கிப் போகும் பகுதி தேசிய நெடுஞ்சாலை 332ஏ. சுங்கம் கட்டிய ரசீதிலோ சாலையோரப் பலகையிலோ உதவி எண் இருந்தால் அதைப் படம் எடுத்து வையுங்கள். எந்தச் சாலையாக இருந்தாலும், உயிருக்கு ஆபத்து அல்லது இரவில் தனியாக மாட்டிக்கொண்டீர்கள் என்றால் 112. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியில் உள்ள சிவப்பு அவசரப் பொத்தானை அழுத்தினால், நீங்கள் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியும். 2022இல் தொடங்கப்பட்ட இந்தச் செயலியில் பெயர், எண் பதிவை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். நடுரோட்டில் ஓ.டி.பி.க்குக் காத்திருக்க முடியாது.

அழைக்கும்போது ஐந்து விவரம் சொல்லுங்கள்: எந்தச் சாலை, எந்தப் பக்கம் போகும் வழி, பக்கத்துக் கி.மீ. கல் அல்லது அடையாளம், வண்டி வகை, எத்தனை பேர். "மகாபலிபுரம் பக்கத்துல" என்றால் யாருக்கும் புரியாது. "ஈ.சி.ஆர்., சென்னையிலிருந்து போகும் வழி, திருவிடந்தை தாண்டி" என்றால் வந்துவிடுவார்கள். இணையம் வரவில்லை என்றால் வரைபடச் செயலியில் நீலப் புள்ளியைத் தொட்டு, வரும் எண்களை எஸ்.எம்.எஸ். அனுப்பலாம்.

அடுத்து, காப்பீட்டு ஆவணத்தைத் திறந்து பாருங்கள். டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் ஆர்.சி.யும் காப்பீட்டு விவரமும் இருக்கும். 'சாலையோர உதவி' என்று கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் ரெக்கவரி வேன் செலவு அதில் அடங்கியிருக்கலாம். பலர் பிரீமியம் கட்டியிருந்தும் நினைவில்லாமல் கைக்காசு கொடுக்கிறார்கள்.

பாடம் 8: பட்டறையில் உங்கள் உரிமை

சாதாரண மோட்டார் காப்பீட்டில் இயந்திரப் பழுது, மின்பழுது இரண்டும் அடங்காது. சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியதால் என்ஜின் போனது என்றால் இழப்பீடு கிடைப்பது கடினம். அதனால்தான் விளக்கு எரிந்த நேரம், வண்டியை நிறுத்திய நேரம், டேஷ்போர்டு படம், கசிவின் படம் எல்லாம் கைப்பேசியில் இருக்கட்டும்.

"ஹெட் கேஸ்கட் போச்சு, என்ஜினை இறக்கணும்" என்று யாராவது சொன்னால், எந்தச் சோதனையில் தெரிந்தது என்று கேளுங்கள். சிலிண்டர் கம்ப்ரெஷன் சோதனை, கூலிங் அமைப்பின் அழுத்தச் சோதனை, கூலண்டில் என்ஜின் புகை கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை என்று மூன்று உண்டு. இவற்றைச் செய்யாமல் பிரிக்கச் சொல்லிச் சம்மதம் கொடுக்காதீர்கள். ஹெட்டைக் கழற்றினால், அது வளைந்திருக்கிறதா என்று மட்டம் பார்த்துத்தான் மறுபடி மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் புது கேஸ்கட்டும் சீக்கிரம் போய்விடும்.

செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. செங்கல்பட்டில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமும் இருக்கிறது. அங்கே உங்களுக்காகப் பேசுவது அந்த பில்லும் படங்களும்தான்.

பாடம் 9: கடற்கரைவாசிகளுக்குத் தனிக் குறிப்பு

கடலை ஒட்டி வசிப்பவர்கள், தினமும் ஈ.சி.ஆரில் போய்வருபவர்கள் உப்புக் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் அரிக்கும். மணலும் பூச்சியும் அதில் அடைக்கும். மாதம் ஒரு முறை, என்ஜின் ஆறியிருக்கும்போது, சாதாரணக் குழாய்த் தண்ணீரை மெதுவான வேகத்தில் விட்டுக் கழுவுங்கள். அதிக அழுத்தத்தில் அடித்தால் தகடு மடங்கிவிடும். பேட்டரி டெர்மினல், ஃபேன் வயர் இணைப்பு, என்ஜினுக்குப் போகும் எர்த் வயர் மூன்றிலும் பச்சை பூத்திருக்கிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

கூலண்டை உங்கள் வண்டியின் கையேட்டில் சொன்ன வகையில், சொன்ன கால இடைவெளியில் மாற்றுங்கள். கூலண்டின் வேலை குளிர்விப்பது மட்டுமில்லை, துருவைத் தடுப்பதும்தான். வெறும் தண்ணீரில் வருடக்கணக்கில் ஓட்டினால் ரேடியேட்டர் உள்ளிருந்தே கெடும். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தால் பிறகு முழுக்க வடித்துவிட்டுப் புதுக் கூலண்ட் போடுங்கள். வடித்ததைக் கொளவாய் ஏரி போன்ற நீர்நிலையிலோ மழைநீர்க் கால்வாயிலோ ஊற்றாதீர்கள். பல கூலண்டுகளில் இருக்கும் எத்திலீன் கிளைகால் விஷம். இனிப்பாக இருப்பதால் குழந்தைகளும் நாய்களும் ருசி பார்க்கும் ஆபத்து உண்டு.

உங்களைச் சோதித்துக்கொள்ளுங்கள்

கேள்வி 1: பரனூரில் வரிசையில் நிற்கும்போது முள் ஏறுகிறது, வண்டி நகர்ந்ததும் இறங்குகிறது. முதல் சந்தேகம் எதன் மேல்?
விடை: ஃபேன், அதன் ஃபியூஸ், ரிலே.

கேள்வி 2: பேட்டரி விளக்கும் சூட்டு விளக்கும் ஒன்றாக எரிந்தன. எதைப் பார்ப்பீர்கள்?
விடை: பெல்ட். அது அறுந்திருந்தால் ஜம்ப் ஸ்டார்ட் செய்து ஓட்டக் கூடாது.

கேள்வி 3: வண்டி நின்று 10 நிமிடம் ஆகிறது. நீராவி நின்றுவிட்டது. மூடியைத் திறக்கலாமா?
விடை: கூடாது. குறைந்தது 45 நிமிடம். ஹோஸ் அமுங்குகிறதா என்று பார்த்த பிறகே.

கேள்வி 4: டிப்ஸ்டிக்கில் பால் விட்ட காபி நிறம். ஆனால் செல்ஃப் நன்றாக எடுக்கும் போலிருக்கிறது. ஒரு தடவை முயலலாமா?
விடை: கூடாது. ரெக்கவரி வேனை அழையுங்கள்.

கேள்வி 5: செங்கல்பட்டு அருகே ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி நின்றால் எந்த எண்?
விடை: 1033. உயிருக்கு ஆபத்து என்றால் 112. காயம் என்றால் 108.

இந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் சேமித்து வையுங்கள். வீட்டில் கார் ஓட்டுகிற எல்லோருக்கும், முக்கியமாகப் புதிதாக உரிமம் வாங்கிய பிள்ளைகளுக்கும் அனுப்புங்கள். இன்று மாலை வண்டி ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து கூலண்ட் டப்பா, டிப்ஸ்டிக், ஃபியூஸ் பெட்டி மூன்றும் எங்கே இருக்கின்றன என்று ஒரு முறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 5 நிமிடம் போதும்.